தில்லையும் கண்டலும்
(பிச்சாவரக் கானல் கற்பிக்கும் பாடம்)

நம் மாவட்டத்துப் பேரூர் இரண்டும் மரத்தாற் பெயர் பெற்றவை. கடலூரின் ஒரு கூறாகிய திருப்பாதிரிப்புலியூர், பாதிரி மரத்தாற் பெயர் கொண்டது. (இப் பாதிரி வேறு, கிறித்தவக் குருமாரைக் குறிக்கும் பாதிரி போர்த்துக்கேய மொழியினின்று வந்த வேறொரு சொல். பெயரொற்றுமை கண்டு மயங்கற்க.) சிதம்பரத்தின் பழம்பெயராகிய தில்லையோ, தில்லை என்னும் மரம் அடர்ந்த காட்டினால் வந்தது. அம் மரமே அவ்வூர்க் கோயிலின் தலமரமும் ஆகும்.

இவை யாவும் யாம் வகுப்பிற் கற்றவை. கற்றதன் அளவு எத்துணைத்து என்பதை உணர்த்தியது ஒரு வினா. சென்ற ஆண்டு நெய்தற்றிணையின் கருப்பொருள்களை எமக்குப் பாடஞ் சொல்லுங்கால், எம் தமிழாசிரியர் நூலை மூடிவைத்து, “தில்லை மரத்தைக் கண்ணாற் கண்டவர் கை உயர்த்துக” என்றார். ஒரு கையும் உயரவில்லை. “கண்டலைக் கண்டவர்?” என்றார். அப்பொழுதும் அவ்வாறே. கடலூரிலிருந்தும் சிதம்பரத்திலிருந்தும் வந்து பயிலும் மாணவர் அவ் வகுப்பிற் பலர் உளர். உரையாசிரியர் “ஒருவகை மரம்” என்று எழுதிச் சென்றதை யாமும் “ஒருவகை மரம்” என்றே தேர்வில் எழுதி மதிப்பெண் பெற்றவர்கள். அன்று எமக்கு உண்டான நாணமே இக் கட்டுரைக்குக் காரணம் என்க.

பெயர் எஞ்சி நிற்க மரம் மறைவது ஏன்? மறைந்த காடு மீளுமா? இவ்விரு வினாக்களுக்கும் விடை, சிதம்பரத்திற்குக் கிழக்கே ஏறக்குறைய 15 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பிச்சாவரத்திற் கிடைக்கின்றது. அவ் விடையை எம்மால் இயன்ற அளவு தொகுத்து ஈண்டு எழுதுகின்றோம்.

கானலின் இயல்பு

வடக்கே வெள்ளாறும் தெற்கே கொள்ளிடமும் கடலொடு கலக்கும் இரு முகங்களுக்கும் இடையே கிடப்பது பிச்சாவரக் கழி. உப்பனாறும் எண்ணிறந்த சிறு கால்வாய்களும் அதனைப் பல திட்டுகளாகப் பிரிக்கின்றன. அவற்றை ஐம்பதுக்கு மேற்பட்டன என்று கணக்கிடுவர். சின்னவாய்க்கால் என்னுமிடத்திற் கழியின் வாய் கடலை நோக்கித் திறந்திருக்கின்றது. ஓதம் ஏறுங்கால் கடல்நீர் அவ்வழியே உட்புகும். வடியுங்கால் திரும்பிச் செல்லும். இந் நாள்தோறுமான போக்குவரவே அக் காட்டின் உயிர்ப்பு. இதனை வாசகர் நினைவிற் கொள்வாராக. பின்னர் யாம் கூறப்போவது முழுதும் இதனையே பற்றி நிற்கும்.

இக் காட்டு மரங்களை அலையாத்தி என்றும் சதுப்புநிலத் தாவரம் என்றும் இக் காலத்தார் வழங்குவர். சங்கச் சான்றோர் கண்டல் என்றனர்; கடற்கரைச் சிற்றூர்க்குக் கண்டல் வேலியாய் நிற்பதையும் அவர்கள் பாடியுள்ளனர். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிய 99 மலர்களுள் தில்லையும் ஒன்று. கண்டலினத்துள் ஒரு பேரினத்திற்கு மேனாட்டுத் தாவரநூலார் இட்ட பெயர் ‘கண்டேலியா’ என்பதாகும். மலையாளக் கரையில் வழங்கிய கண்டல் என்னும் சொல்லே அங்ஙனம் இலத்தீன் உருவெடுத்தது. நம் சொல் உலகெங்கும் சென்று வழங்க, நாம் அம் மரத்தை அறியாதிருக்கின்றோம்.

உப்பு நீரில் ஏனைய மரங்கள் பட்டுப்போகும். இவை மட்டும் வாழ்வது எவ்வாறு? சுரபுன்னை என்று அவ்வூரார் வழங்கும் மரம், தன் வேரிலேயே உப்பைப் பெரிதும் தடுத்து நீரை உட்கொள்கின்றது. வெண்கண்டலோ உப்பை நீரொடு பருகி, இலையிலுள்ள சுரப்பிகளின் வழியே வெளியேற்றுகின்றது. கோடைக்காலத்தில் அதன் இலையை நாவால் தொட்டாற் கரிக்கும். சேற்றிற் காற்றில்லை, ஆதலின் வெண்கண்டலின் வேர்கள் எழுதுகோல்களை நட்டாற்போன்று நிலத்தினின்று மேல்நோக்கி எழுந்து மூச்சு வாங்குகின்றன. சுரபுன்னை, பந்தற்கால் போல வளைந்த முட்டுவேர்களை நாற்புறமும் ஊன்றி அலைக்கும் காற்றிற்கும் அசையாது நிற்கின்றது.

இவற்றினும் வியப்புடையது அதன் மகப்பேறு. சுரபுன்னையின் வித்து நிலத்தில் வீழ்ந்து முளைப்பதன்று. தாய்மரத்திலேயே முளைத்து, முருங்கைக்காய் போல் நீண்டு தொங்கி, முதிர்ந்தபின் சேற்றில் வீழ்ந்து ஊன்றிக்கொள்ளும். அன்றி நீரில் மிதந்து சென்று வேறோரிடத்தில் வேர்கொள்ளும். உப்புச் சேற்றில் இளமுளை படும் இடரைத் தாய் தானே ஏற்றுக்கொள்கின்றது போலும்!

தில்லை இவற்றினின்று சற்று விலகியது. அது ஆமணக்கின் குடும்பத்தைச் சேர்ந்தது. முட்டுவேரும் மூச்சுவேரும் இல்லாதது. கழியின் நிலப்புறத்து விளிம்பிலேயே மிகுதியும் வளர்வது. அதன் பால் நச்சுத்தன்மையுடையது. கண்ணிற் பட்டாற் பார்வையைக் கெடுக்க வல்லது.

கழியில் யாம் கண்டது

கடலூரினின்று இருப்பூர்தியில் ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, கிள்ளை ஆகிய நிலையங்களைக் கடந்து சிதம்பரம் அடைந்து, அங்கிருந்து பேருந்தில் பிச்சாவரம் சென்றோம். எண்மர் இரு படகுகளில் ஏறினோம். துடுப்பு வலித்தவர் அறுபது அகவை கடந்த முதியவர். இருபுறமும் வேர்கள் வளைந்து கூரை வேய்ந்த சிறு வாய்க்காலுட் படகு நுழைந்ததும் எம்முள் இரைந்து பேசியவரும் வாயடங்கினர். நீர்க்காகமும் வெண்கொக்கும் கிளைதோறும் அமர்ந்திருந்தன. இடுப்பளவு நீரில் நின்று, வலையுமின்றித் தூண்டிலுமின்றிக் கைகளாலேயே சேற்றைத் துழாவி இறால் பிடிக்கும் இருளர் குடும்பம் ஒன்றைக் கண்டோம்.

“தில்லை எங்கே ஐயா?” என்று வினவினோம். முதியவர் துடுப்பை நிறுத்திக் கரையோரம் ஒரு மரத்தைச் சுட்டினார். இரண்டாள் உயரம், பளபளப்பான இலை, உதிரும் இலைகள் சில செந்நிறமாயிருந்தன. எம்முள் ஒருவர் கிளையை ஒடிக்கக் கை நீட்டினார். “தொடாதீங்க தம்பி, பாலு கண்ணுல பட்டா அப்புறம் எதைப் பார்க்கப் போறீங்க?” என்று அவர் தடுத்தார். ஈராண்டு ஏட்டிற் படித்த தில்லையை அன்றே யாம் முதன்முதற் கண்டோம்.

அப்பாற் சென்றபோது காடு திடீரென்று முடிந்தது. எதிரே வெட்டவெளி, வெடித்த சேறு, அதன்மேல் வெண்ணிற உப்புப் படலம், ஆங்காங்கே உமரிப் பூண்டு. “இங்கே மரமே இருந்ததில்லையா?” என்றோம். “எங்கப்பா காலத்துல உள்ளே நுழைய முடியாத காடு, கூப்பு விட்டு வெட்டினாங்க, அப்புறம் வரவேயில்லை” என்றார். காடு வெட்டினால் மீண்டும் தழைக்குமே. இது மட்டும் ஏன் மீளவில்லை? இவ் வினாவே எம்மை நூலகத்திற்குத் திருப்பி அனுப்பிற்று.

கூப்பு முறையும் அதன் விளைவும்

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதி தொடங்கி 1970-களின் இடைப்பகுதி வரை, பிச்சாவரக் காடு கூப்பு முறையால் ஆளப்பட்டது. கூப்பாவது, காட்டைப் பல பகுதிகளாக அளந்து, ஆண்டுக்கு ஒரு பகுதியாக முறைவைத்து, அப் பகுதியிலுள்ள மரங்களை முழுதும் வெட்டுதல். கடைசிப் பகுதி வெட்டி முடியும் காலத்தில் முதற் பகுதி மீண்டும் வளர்ந்திருக்கும் என்பது கணக்கு. இதிற் களவில்லை, மறைவில்லை. சட்டத்திற்குட்பட்டு, வரைபடமும் பதிவேடும் வைத்துக் கற்றறிந்தோர் செய்த ஆட்சியே இது. காடு என்றும் குறையாதிருக்க வேண்டும் என்பதே அவர்தம் நோக்கமும் ஆகும். இதனை வற்புறுத்திக் கூறுதற்குக் காரணம் பின்னர் விளங்கும்.

கணக்குத் தவறியது எங்கே? மரம் நின்றவரையில் அதன் நிழல் சேற்றை மூடியிருந்தது. வேர் மண்ணைத் தாங்கியிருந்தது. ஒரு பகுதி முழுதும் வெட்டப்பட்டதும் வெயில் நேரே சேற்றின்மேல் விழுந்தது. களிமண்ணிலிருந்த ஈரம் ஆவியாயிற்று. மண் சுருங்கித் தாழ்ந்தது. வெட்டுண்ட நிலத்தின் நடுப்பகுதி இங்ஙனம் குழிந்து, தாம்பாளம் போலாயிற்று. ஓதம் ஏறுங்கால் அக் குழியிற் கடல்நீர் புகுந்தது. வடியுங்கால் வெளியேற வழியின்றித் தேங்கிற்று. தேங்கிய நீரை வெயில் உண்டது, உப்பை உண்ணவில்லை. மறு ஓதம் மேலும் நீரைக் கொணர்ந்தது. மேலும் உப்பு எஞ்சிற்று. உப்பளத்தில் உழவன் பாத்தி கட்டிச் செய்வதனை இங்கே நிலமே தனக்குத் தானே செய்துகொண்டது. முடிவில் மண்ணின் உப்புக் கடல்நீரின் உப்பையும் விஞ்சிற்று. உப்பில் வாழப் பிறந்த கண்டலுக்கும் ஓர் எல்லை உண்டன்றோ? அவ் வெல்லை கடந்தபின் மிதந்து வந்த முளைகள் வேர்கொள்ளாது மடிந்தன. உமரி ஒன்றே எஞ்சிற்று.

மலைக்காட்டில் வெட்டிய மரம் மீண்டும் தளிர்ப்பதைக் கண்டு வகுத்த கணக்கைக் கழிக்காட்டிற்கு இட்டதே பிழை. மலையில் நிலம் மரத்தைத் தாங்குகின்றது. கழியிலோ மரமே நிலத்தைத் தாங்குகின்றது. மரம் போனபின் நிலமும் முன்னைய நிலமாய் இருப்பதில்லை.

காடு அழிந்தமைக்குப் பழி யார்மேல் விழுந்தது என்பதும் நோக்கத்தக்கது. கரையோரச் சிற்றூரார் விறகு வெட்டுகின்றனர், ஆடு மாடு மேய்க்கின்றனர், அதனாற் காடு அழிகின்றது என்பதே நெடுநாள் வழங்கிய கருத்து. அவர்கள் விறகு எடுத்ததும் மேய்த்ததும் உண்மையே. ஆயினும் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் ஆராய்ந்தபோது, காடு வெறுமையான இடங்கள் பழைய கூப்பு வெட்டிய இடங்களாகவே பெரும்பாலும் இருத்தல் புலப்பட்டது. கையால் இறால் துழாவுவோர் சுமந்த பழி, பதிவேடு வைத்திருந்தோர்க்கு உரியதாயிற்று.

மேல்நீர் குறைந்தமை

கானலுக்குக் கடல்நீர் ஒரு தாய் எனின், ஆற்றுநீர் மற்றொரு தாய். இரண்டும் கலந்த நீரே அதற்கு ஏற்ற உணவு. கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை 1836-ஆம் ஆண்டு ஆர்தர் காட்டனாற் கட்டப்பட்டது. காவிரியின் குறுக்கே மேட்டூர் அணை 1934-ஆம் ஆண்டு முடிவுற்றது. இவற்றாற் பல்லாயிரம் வேலி நிலம் விளைந்தது. கீழணையினின்று வடவாற்றின் வழியே நீர் பெறும் வீராணம் ஏரி நம் பகுதி மக்களுக்குச் சோறிடுகின்றது. 2004 முதல் அவ் வேரியின் நீர் சென்னை மாநகர்க்கும் குடிநீராய்ச் செல்கின்றது. ஆதலின் அணைகளை இழித்துரைப்பது நன்றியன்று. அந் நீர் விளைத்த நெல்லை உண்டே யாம் இதனை எழுதுகின்றோம்.

எனினும் வரவு எழுதுவோர் செலவும் எழுதுதல் வேண்டும். மேலே தடுத்த நீர் கீழே குறைந்தது; வெள்ளக்காலம் ஒழிந்த திங்கள்களிற் கழியில் நன்னீர் வரவு சுருங்கிற்று. உப்பு மிகுதியைப் பொறாத இனங்கள் அருகின. மிகப் பொறுக்கும் வெண்கண்டலே எங்கும் மேலோங்கிற்று. மேலே யாம் சொன்ன கண்டேலியா முன்னர் இக் கழியிற் பதிவாகியிருந்து பின்னர் மறைந்ததாகத் தாவரநூலார் கூறுவர். நம் கண்டலென்னும் பெயரைத் தாங்கிய மரமே நம் கழியில் இல்லாதொழிந்தது என்பதை எண்ணுந்தோறும் நெஞ்சு நோகின்றது.

நிலப்புறத்து விளிம்பில் வளரும் தில்லைக்கு நேர்ந்ததும் இவ்வழியே உய்த்துணரத்தக்கது. மனிதர் வயலும் வீடும் வேண்டிக் கழியை நோக்கி நடக்குங்கால் முதற்கண் எதிர்ப்படுவது நிலப்புற விளிம்பே. ஆதலின் முதலில் வெட்டுண்பதும் அங்குள்ள மரமே. தில்லைக் காட்டின் பெயர் ஊர்க்கும், மரம் கழிக்கும் ஆகப் பிரிந்தமைக்கு இதுவே காரணம் ஆகலாம் என்பது எம் கருத்து.

இதற்கு முன்னரும் இக் கரையிற் காடு தொழிலுக்கு இரையானதுண்டு. 1830-ஆம் ஆண்டையொட்டி ஜோசையா மார்ஷல் ஹீத் என்பார் பரங்கிப்பேட்டையில் நிறுவிய இரும்பாலை, சேலத்துக் கனிமத்தை மரக்கரி கொண்டு உருக்கிற்று. கரிக்கு மரம் வேண்டும். மரத்திற்கோ வளரக் காலம் வேண்டும். உலையின் விரைவிற்குக் காடு ஈடுகொடுக்கவில்லை. அவ்வாலை மூடப்பட்டு ஒன்றரை நூற்றாண்டு ஆயினும், அதன் பாடம் மூடப்படவில்லை.

1990-களில் வந்தது இறாற் பண்ணை. கடலோர நிலத்தைக் குளமாக வெட்டி உவர்நீர் நிரப்பி இறால் வளர்த்து அயல்நாட்டிற்கு ஏற்றுமதி செய்வது பெருவருவாய் தந்தது. ஆனால் பண்ணைக் கழிவு கழியிற் கலந்தது. அடுத்த வயலும் கிணறும் உவர்ப்பாயின. சர்வோதயத் தலைவர் எஸ். ஜகந்நாதன் தொடுத்த வழக்கில், 1996 டிசம்பர் 11-ஆம் நாள் உச்சநீதிமன்றம் கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துள் அத்தகைய பண்ணைகளைத் தடுத்துத் தீர்ப்பளித்தது. பின்னர் 2005-இல் இத் தொழிலை ஒழுங்குபடுத்தத் தனிச் சட்டம் இயற்றப்பட்டது.

மீன்முள் வாய்க்கால்

நோய் இன்னதென்று அறிந்தபின் மருந்து எளிதாயிற்று. நிலம் வெறுமையாயிருப்பது விதையின்மையால் அன்று. நீர் தேங்கி உப்பு மிகுந்தமையால் என்பது தெளிந்தது. ஆதலின் உப்பைக் கழுவாது கன்று நடுவது, பழுக்கக் காய்ந்த கல்லில் நெல் விதைப்பதை ஒக்கும். முதலில் வேண்டியது நீருக்கு வழி.

1988-இற் சென்னையில் நிறுவப்பட்ட சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தாரும் தமிழ்நாடு வனத்துறையினரும் 1990-களிற் கரையோரச் சிற்றூர் மக்களைத் துணைக்கொண்டு இப் பணியைத் தொடங்கினர். வெறுமையான நிலத்தின் நடுவே ஒரு பெருவாய்க்கால் வெட்டி, அதனை ஓதம் ஏறி வடியும் இயற்கைக் கழியொடு இணைத்தனர். பெருவாய்க்காலின் இருபுறமும் சாய்வாகச் சிறுவாய்க்கால்கள் வெட்டினர். மேலிருந்து நோக்கின் நடுமுள்ளும் பக்கமுள்ளுமாக மீனின் எலும்புக்கூடு போலத் தோன்றுதலின் இதனை மீன்முள் வாய்க்கால் என்பர். ஓதநீர் இதன்வழி ஏறிற்று; நிலத்தின் உப்பைக் கரைத்துக்கொண்டு வடிந்தது. உப்புக் குறைந்ததும் வாய்க்காற் கரைகளிற் கன்று நட்டனர்; முளைகள் தாமாகவும் மிதந்து வந்து வேர்கொண்டன.

இதிற் பொறியுமில்லை, அரிய மருந்துமில்லை. மண்வெட்டியும், ஓதத்தின் போக்கை உற்றுநோக்கிய கண்ணும், ஊரார் உழைப்பும் போதியனவாயின. வாய்க்காலிற் சேறு படியுந்தோறும் தூர்வார வேண்டும். அதற்கு ஊராரே காவலர். முன்னர்க் காட்டை அழித்தோர் என்று பழிக்கப்பட்டவரே பின்னர்க் காட்டை வளர்த்தோர் ஆயினர்.

விளைவு யாது? செல்வம் என்னும் அறிஞரும் அவருடன் ஆராய்ந்தோரும் செயற்கைக்கோட் படங்களை ஒப்புநோக்கி 2003-இல் வெளியிட்ட ஆய்வின்படி, 1986-க்கும் 2002-க்கும் இடையே பிச்சாவரத்திற் காட்டின் பரப்பு ஏறக்குறைய 90 விழுக்காடு பெருகிற்று. மகிழ்தற்குரிய செய்தியே. எனினும் ஒன்று சொல்லாது விடுதல் முறையன்று. மீண்ட காட்டிற் பெரும்பகுதி வெண்கண்டல். முன்னிருந்த பல்வகை இனமும் அவ்வளவில் மீளவில்லை. பரப்பு மீண்டது, பன்மை முழுதும் மீண்டிலது. அழித்தல் ஒரு கோடாலியால் ஆவது. மீட்டல் தலைமுறையால் ஆவது.

வேறொரு செய்தியும் குறிக்கத்தக்கது. இக் கழியிற் சுரபுன்னையின் இரு இனங்கள் கலந்து பிறந்த ஒரு மரத்தைப் பேராசிரியர் கதிரேசன் 1995-இல் விளக்கி, ‘ரைசோபோரா அண்ணாமலையானா’ என்று பெயரிட்டார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பெயர் ஒரு மரத்திற்கு ஆயிற்று. மரத்தின் பெயரை ஊர் ஏற்றது பழங்கதை. ஊர்க் கல்விச்சாலையின் பெயரை மரம் ஏற்றது புதுக்கதை.

ஆழிப்பேரலை

2004 டிசம்பர் 26-ஆம் நாள் காலை ஆழிப்பேரலை நம் கரையைத் தாக்கியது. கடலூர் மாவட்டத்தில் அன்று மாண்டோரை நினையாத வீடு கடற்கரையில் இல்லை. அடுத்த ஆண்டு ஃபின் டானியல்சன் முதலிய ஆய்வாளர் இம் மாவட்டக் கரையை ஆராய்ந்து ‘சயின்ஸ்’ என்னும் இதழில் எழுதினர். மாவட்டத்தின் தென்பகுதியிற் கானலுக்கு முன்னே கடலை ஒட்டியிருந்த இரண்டு ஊர்கள் முற்றும் அழிந்தன. கானலுக்குப் பின்னே இருந்த மூன்று ஊர்கள் அழிவின்றி நின்றன என்பது அவர் கண்டது.

இதனை எல்லாரும் அவ்வாறே ஒப்பவில்லை. கடலுக்கும் ஊருக்கும் உள்ள தொலைவும் ஊர் அமைந்த நிலத்தின் உயரமுமே உயிர்க்காப்பிற்குப் பெருங்காரணம். காட்டின் பங்கைத் தனியே பிரித்துக் காட்டுதல் அரிது என்று 2006-இல் வேறு சில ஆய்வாளர் மறுத்தெழுதினர். யாம் இவ்விரண்டையும் படித்தோம். காடு இருந்தாற் கரையில் எங்கும் வீடு கட்டலாம் என்று கொள்வது பேதைமை. ஆனால், காடு நிற்குமிடத்தில் ஊர் கடலினின்று விலகியே நிற்கும் என்பதும் உண்மையன்றோ? காட்டை வெட்டினால் அலையின் வேகமும் தணியாது, மனிதரும் அவ்வெளியில் வந்து குடியேறுவர். ஆதலின் எவ்வழி நோக்கினும் வேலி வேலியே. கண்டலை வேலி என்ற சான்றோர் அறிந்தே சொன்னார் என்க.

முடிவுரை

2021-ஆம் ஆண்டு இந்திய வன அறிக்கையின்படி நாடு முழுவதும் இத்தகைய காடு 4,992 சதுர கிலோமீட்டர். அதிற் பெரும்பங்கு வங்கத்துச் சுந்தரவனத்திலும் குசராத்திலும் உள்ளது. தமிழ்நாட்டின் பங்கு 45 சதுர கிலோமீட்டரே. அச் சிறுபங்கில் பிச்சாவரம் நம் வாயிலில் இருக்கின்றது. 2022-இல் அது ராம்சர் உடன்படிக்கையின்கீழ் உலகச் சிறப்புடைய ஈரநிலமாக ஏற்கப்பட்டது. பட்டம் காவலாகாது. கடல்மட்டம் உயர்கின்றது, மேல்நீர் ஆண்டுக்காண்டு ஐயத்திற்கிடமாகின்றது, காணவருவோர் எறியும் நெகிழிப்பை மூச்சுவேர்களிற் சுற்றிக்கொள்கின்றது. இவற்றுள் முன்னிரண்டும் எம் கைக்கு அடங்கா, மூன்றாவது அடங்கும். எம் படகுகள் கரை சேர்ந்தபோது, யாம் கொண்டுசென்றவையேயன்றி வேரிற் சிக்கிய பைகள் பதினேழும் எம்முடன் திரும்பின.

பிச்சாவரம் கற்பிக்கும் பாடம் யாது? இயற்கையின் உறைவிடத்தை அழிப்பவன் கொடியவனாகவே இருக்கவேண்டும் என்பதில்லை. நல்லெண்ணமும் ஒழுங்கும் உடையவன், நிலத்தின் இயல்பை அறியாது கணக்கிடின், அவனும் அழிப்பான். கொடியவனினும் நெடுங்காலம் அழிப்பான், ஏனெனில் தான் காப்பதாகவே அவன் எண்ணியிருப்பான். மனிதனைத் தோட்டத்தில் வைத்தது அதனைப் பேணிக் காத்தற்பொருட்டு என்று எம் மறைநூல் தொடக்கத்திலேயே சொல்கின்றது. காத்தலுக்கு முதற்படி அறிதல். நாளை எம்முள் சிலர் ஆட்சிப் பணியில் அமர்வர். சிலர் பொறியாளர் ஆவர். பலர் ஆசிரியர் ஆவர். வரைபடத்தின்மேற் கோடு இழுக்குமுன், அந் நிலத்தில் நீர் எவ்வழி வருகின்றது, எவ்வழி போகின்றது என்று அங்கு வாழ்வாரை ஒருமுறை கேட்டறிதல் நம் கடன்.

தமிழ் பயிலும் எமக்கோ கடன் ஒன்று மிகுதி. நாம் சொற்களின் காவலர் என்று பெருமை கொள்கின்றோம். பொருள் அழிந்தபின் சொல்லைக் காப்பது, ஆள் இறந்தபின் அவர் சட்டையைக் காப்பதற்கு நிகர். கண்டல், தில்லை, ஞாழல், புன்னை, தாழை என்று திணை வகுத்துப் படிப்போர், ஆண்டுக்கொரு முறையேனும் அவை நிற்குமிடம் சென்று காண்பாராக.

இவ்வாண்டும் எம் ஆசிரியர் முதலாண்டு மாணவர்க்கு அவ்வினாவை விடுத்தார் எனக் கேட்டோம். எம்மொடு படகிற் சென்ற ஒருவரின் தம்பி அவ்வகுப்பில் உளர். அவர் ஒருவர் கை உயர்ந்ததாம்.